கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள்

தோவாளை
12.10.2025, ஞாயிறு

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் பிரீனாவும் சுகம். நீங்களும் வெயிலில் மொட்டைமாடி ஏறி ஏ.சி. பார்க்கிற வேலையைச் சின்னப் பையன்களிடம் விட்டுவிட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். விடமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தினமும் வீடியோவில் பார்க்கிறவள் எதற்காக ஈமெயிலில் இவ்வளவு நீளம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனை எடுத்தால் பிரீனா நடுவில் முகத்தை வைத்துவிடுகிறாள். அவளைப் பற்றிய பேச்சை அவளை வைத்துக்கொண்டு எப்படிப் பேச? அவள் தூங்கிய பிறகு கூப்பிடலாம் என்றால் உங்கள் அறையில் மற்றவர்களும் தூங்கவேண்டும். அதனால், நிச்சயம் முடிந்த காலத்தில் எழுதிக்கொண்டோமே, அதுபோல எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் அண்ணன் படிப்பகத்துக்குத் தலைவரான பிறகு வருகிற முதல் விழாக்காலம் இது. நவம்பர் ஒன்றாம் தேதி நம் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாள். டிசம்பர் மூன்றாம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினம். இரண்டுக்கும் ஏற்ற புத்தகங்களைத் தேடி எடுத்துப் பிள்ளைகள் அலமாரியில் முன்வரிசையில் அடுக்க வேண்டும். அலமாரிச் சாவி என்னிடம்தானே இருக்கிறது, அதனால் வேலையும் என்னுடையது. சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

அதற்குள் நாகர்கோவிலில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் நாராயணபெருமாள் சார் இரண்டு பெட்டி நிறையப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தார். எல்லாம் உடல் ஊனமுள்ள பிள்ளைகளைப் பற்றிய கதைகள். பிள்ளைகள் புத்தகம் எதுவானாலும் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். முடிவு தப்பாக இருந்தால் நடுவில் எவ்வளவு அழகான படம் இருந்தும் பிரயோசனமில்லை. ஒன்றில், சேட்டை செய்து நொண்டியான அணில் அம்மா சொல்லைக் கேட்டு நடக்க ஆரம்பித்ததும் கால் குணமாகித் துள்ளி ஓடுகிறது. இன்னொன்றில், கண் தெரியாத சிறுமி எல்லோருக்காகவும் வேண்டிக்கொண்டு செத்துப்போகிறாள், ஊர் திருந்துகிறது. வேறொன்றில், திருடன் யார் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். கூன் விழுந்தவன்தான்.

நான் படித்து முடிப்பதற்குள் உங்கள் அண்ணன் பெட்டியைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அணில் கதையைப் படித்த சிஜோ நேரே பிரீனாவிடம் வந்து, "ஏட்டி, நீ என்ன சேட்ட செஞ்சதுக்கு ஒனக்குக் கால் இப்பிடி ஆச்சு?" என்று கேட்டான். கேலியாக இல்லை அத்தான். அவளுக்கு வாக்கர் தள்ளிக்கொடுக்கிற பையன் அவன். கதையில் அப்படி இருந்தது, அதனால் கேட்டான். வீட்டுக்கு வந்து தோசை தின்னும்போது என்னிடம் கேட்டாள்: "அம்மா, கத தீந்தப்போ அணிலுக்குக் கால் செரியாச்சில்லா? எனக்க கத எப்போ தீரும்?"

கல்லில் கிடந்த தோசை கருகிப்போயிற்று.

மறுநாள் அந்தப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிவிட்டேன். "தானமா வந்ததுல குத்தம் பாப்பியா ரெஜிலா? நாராயணபெருமாள் சாருக்கு வெசனமாயிருக்கும்லா?" என்றார் பெரியத்தான். அதோடு நிற்கவில்லை. டிசம்பர் மூன்றாம் தேதி பிரீனாவை மேடையில் ஏற்றி, அந்தச் சார் கையால் 'நம்பிக்கை நட்சத்திரம்' என்று ஒரு கேடயம் கொடுக்கப்போகிறாராம். எனக்குச் சம்மதமில்லை. உங்களிடமும் பேசுவார். நீங்களும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ரெஜிலா

*

மஸ்கட்
18.10.2025

அன்பு ரெஜிலா,

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பு உன் கடிதத்துக்குக் காத்திருந்த மாதிரியே இரண்டு முறை வாசித்தேன். வாசிக்க ஆசையாக இருந்தது, எழுதியிருந்த விஷயம்தான் மனதைக் கலக்கிவிட்டது.

அண்ணன் போனில் பேசினார். அவர் கெட்டது நினைக்கிற ஆள் இல்லை, அது உனக்கும் தெரியும். பிரீனா பிறந்து மூச்சு விடத் திணறியபோது நான் இங்கே கிடந்தேன். அந்த மழையில் காரை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் ஓடியவர் அவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உனக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர் அவர். அவர் ஆசைப்பட்டு ஒரு காரியம் செய்யும்போது முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்றால் எப்படி?

கொஞ்ச நேரம் மேடையில் இருப்பாள், எல்லோரும் கை தட்டுவார்கள், அவளுக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கும்? பெட்டியையும் அவிழ்த்து அலமாரியில் வை. நாமும் அந்தமாதிரிக் கதைகளைப் படித்துத்தானே வளர்ந்தோம்? பிள்ளைகள் கதையைக் கதையாகப் படித்துவிட்டுப் போய்விடும். நீதான் ஒவ்வொரு வரியாகப் பிடித்து இழுக்கிறாய்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கம்பெனியில் குடும்பப் படம் கேட்டார்கள். நீ அனுப்பியதில் வாக்கர் தெரிகிறது. பிரீனா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நல்லதாக ஒன்று எடுத்து அனுப்பு.

கோபப்படாதே. அனுசரித்துப் போ.

உன்,
எபிசன்

*

தோவாளை
04.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. பிரீனாவுக்குச் சளி இல்லை, எனக்குத்தான் தொண்டை கட்டியிருக்கிறது. நீங்கள் சொன்ன படத்தை நான் எடுக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நவம்பர் ஒன்றாம் தேதி விழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நன்றாக நடந்தது. பெரியத்தான் முதலில் ராஜாக்கள், அரண்மனை, கோட்டை என்று படம் போட்ட புத்தகங்களை மட்டும்தான் எடுத்து வைக்கச் சொன்னார். அதையும் வைத்தேன். அதன் பக்கத்தில், எல்லையைச் சேர்க்கப் போராடியவர்களைப் பற்றியது ஒன்று, நம் பாட்டிமார் தோள்சீலை போடும் உரிமைக்காக நின்றதைப் பற்றியது ஒன்று என்று வைத்தேன். அந்தக் கடைசிப் புத்தகத்தை அவர் கையில் எடுத்தவர் கீழே வைக்கவேயில்லை. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அவரே வாசித்தார். புத்தகத்தை மூடிவிட்டு, "நம்ம பாட்டிமாரு யாருட்டயும் போயி எரக்கம் கேக்கல்ல மக்களே. எனக்க சீலைய நான் போடுவேன், நீ யாருலே கேக்கதுக்குன்னு நின்னாவ" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். செல்லக்கனி அக்கா (பூச்சந்தையில் பிச்சிப்பூ கமிஷனுக்கு வாங்குகிறவள், ஆதிராவின் அம்மா) மகளைக் கூட்டிப்போக வந்தவள் அப்படியே நின்று கேட்டாள். எனக்கு உங்கள் அண்ணன் மேல் அன்று அவ்வளவு மரியாதை வந்தது.

அந்த மரியாதையோடுதான் போய்க் கேட்டேன். "பெரியத்தான், அந்தப் பாட்டிமாரப் பத்தி ஒருத்தரு அய்யோ பாவம் அய்யோ பாவம்னு கத எழுதி, கடைசில யாரோ ஒரு தொர எரக்கப்பட்டு ஒரு துணி குடுத்தாருன்னு முடிச்சா, நம்ம படிப்பகத்துல வைப்பியளா?"

"வைப்பனா? கிழிச்சி ஓடையில போடுவேன்."

"பிரீனா மாதிரிப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெட்டியில இருக்கது அதே கததான்."

"அது வேற, இது வேற" என்று எழுந்து போய்விட்டார். ஏன் வேறு என்று அவரும் சொல்லவில்லை, இன்றுவரை எனக்கும் விளங்கவில்லை.

டிசம்பருக்கான புத்தகங்களைத் தேடி நாகர்கோவிலில் கடைகடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில், "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கா? நீதிக்கதை இருக்கு, தன்னம்பிக்கை இருக்கு" என்றார்கள். சாதாரணக் கதை இருக்கிறதா என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கொஞ்சம் அகப்பட்டது. கண் தெரியாத ஒரு பெண் தம்பியோடு சேர்ந்து மாங்காய் திருடி மாட்டிக்கொள்கிறாள், அடி வாங்குகிறாள், மறுநாளும் போகிறாள். சக்கர நாற்காலியில் வருகிற ஒரு பையன் டீச்சரிடம் வாயைத் திறந்தால் பொய்தான் சொல்கிறான். காது கேளாத ஒருத்தி அக்காவோடு ஓயாமல் சண்டை. யாருக்கும் எதுவும் குணமாகவில்லை. யாரும் சாகவும் இல்லை. அவற்றை வாங்கிவந்து பிரீனாவுக்குச் சத்தமாக வாசித்துக்காட்டினேன். கதையில் வருகிற பெயருக்குப் பதில் அவள் பெயரைப் போட்டு வாசித்துப் பார்ப்பேன். நடுவில் நிறுத்தாமல் வாசிக்க முடிந்தால் அந்தப் புத்தகம் அலமாரிக்கு. மாங்காய்க் கதையில் அவள் சிரித்த சிரிப்பில் எச்சில் வழிந்து சட்டை நனைந்தது.

இனி அந்தப் படம். கம்பெனிக்கு அனுப்பும் படத்தில் வாக்கர் தெரியக்கூடாது என்கிறீர்கள். டிசம்பர் மூன்றாம் தேதி அதே வாக்கரோடு அவள் மேடையில் ஊருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். ஒரே வாக்கர் ஓரிடத்தில் மறைக்க வேண்டியதாகவும் இன்னோரிடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டியதாகவும் எப்படி ஆயிற்று? அதற்குப் பதில் சொல்லுங்கள், படம் அனுப்புகிறேன்.

அண்ணன் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கவில்லை. அந்த வராந்தாவில் அவரோடு உட்கார்ந்திருந்தவள் நான். நன்றிக்காக என் உடம்பில் எதைக் கேட்டாலும் கொடுப்பேன். பிரீனாவை எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
ரெஜிலா

*

மஸ்கட்
16.11.2025

ரெஜிலா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினால் ஏதாவது எழுதிவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் பொறுத்தேன்.

நீ அந்தப் பெட்டிகளை நாராயணபெருமாள் சார் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டாயாம். கமிட்டியில் யாரிடமும் கேட்கவில்லையாம். அண்ணன் தலைகுனிந்துபோய்ப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் கேட்கிறார்களாம், "ஒனக்க தம்பி பெஞ்சாதி ஒனக்கு மேல தலைவியா?" என்று. படிப்பகம் உன் சொத்து இல்லை.

என் மகளை நாலு பேர் கௌரவிப்பது உனக்கு ஏன் அவமானமாகத் தெரிகிறது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை. அவளால் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்க முடியுமா? பாட்டுப் போட்டியில் முடியுமா? அவள் வாழ்க்கையில் ஒரு மேடை கிடைக்கிறது. அதையும் நீ தட்டிவிடுகிறாய். வாக்கர் விஷயத்தில் என்னைக் குத்திக்காட்டினாய். இங்கே ஒவ்வொருத்தனும் 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று கேட்பதற்கு நின்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான். அதில் வேறு ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அப்பா நான் சொல்கிறேன், பிரீனா மேடை ஏறுவாள். நீ குறுக்கே நிற்காதே.

எபிசன்

*

தோவாளை
23.11.2025

அத்தான்,

இது சின்னக் கடிதம்.

பெட்டிகளைத் திருப்பி அனுப்பியது உண்மை. கமிட்டியில் கேட்டிருந்தால் விடமாட்டார்கள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அணில் கதை திரும்பவும் சிஜோ கையில் போய்ச் சேர நான் விடமாட்டேன்.

அவள் அப்பா நீங்கள். அதனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன். மேடைக்குப் போகிறாயா என்று பிரீனாவிடம் கேட்டேன். "வேண்டாம்" என்றாள். கேடயம் தருவார்கள், படம் பிடிப்பார்கள், அப்பா அங்கிருந்து பார்ப்பார் என்று எல்லாம் சொன்னேன். ஆசை காட்டித்தான் சொன்னேன், உங்கள் பக்கத்துக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று. "எதுக்குக் குடுப்பாவ?" என்று கேட்டாள். நீ தைரியமாக நடக்கிறாய் அல்லவா, அதற்கு என்றேன். "எல்லாரும்தான நடக்காவ. என்ன மட்டும் எதுக்குப் பாக்கணும்?" என்றாள்.

ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்க முடியுமா என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது. நானும் வாங்கியதில்லை. என்னை யாரும் அதற்காக மேடையில் ஏற்றவில்லை.

நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து உங்கள் சொல்லை நான் மீறியதில்லை. இதில் மீறுகிறேன். விழாவுக்கு வருவோம், பிள்ளைகள் வரிசையில் உட்காருவோம், அவள் மேடை ஏறமாட்டாள்.

ரெஜிலா

*

தோவாளை
05.12.2025

அன்புள்ள அத்தானுக்கு,

என் போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. வீடியோவிலும் பிரீனாவோடு மட்டும் பேசுகிறீர்கள். பரவாயில்லை. மூன்றாம் தேதி நடந்ததை யார் யாரோ சொல்லக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

படிப்பகத்துக்கு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி இட்டிருந்தார்கள். புதிய புத்தகங்களை நான் தனியாக அடுக்காமல் மற்ற கதைப்புத்தகங்களுக்கு நடுவிலேயே கலந்து வைத்திருந்தேன். பெரியத்தான் வந்து, "மாற்றுத்திறனாளி புத்தகம்னு போர்டு எங்க?" என்று கேட்டார். "போர்டு வச்சா பிள்ளைக போர்டைத்தான் பாக்கும், புத்தகத்தப் பாக்காது" என்றேன். பிள்ளைகள் மாங்காய்க் கதைக்கு அடித்துக்கொண்டார்கள். அது மனதுக்கு நிறைவாக இருந்தது.

பிரீனா ஆதிராவுக்கும் சிஜோவுக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஓரமாக நின்றேன். நாராயணபெருமாள் சார் பேசினார். பிறகு பெரியத்தான் மைக்கைப் பிடித்தார். அவர் பிரீனா பெயரைச் சொல்லமாட்டார் என்றுதான் நம்பினேன், அத்தான். காலையில் அவர் வீட்டுக்கே போய், பிள்ளைக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஆனால் சொன்னார். "எனக்க தம்பி மக. ஆண்டவர் அவளுக்குக் கால் குடுக்காட்டாலும் நல்ல மனசு குடுத்திருக்காரு" என்று ஆரம்பித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. அந்தச் சத்தம் உங்களுக்கும் தெரியும். நாம் அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் கேட்ட சத்தம்.

நான் பிள்ளைகளைத் தாண்டி அவளிடம் போவதற்குள் கமிட்டிப் பையன்கள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். சுதனும் இன்னொருத்தனும். "வா மக்கா" என்று சொல்லி, இரண்டு பக்கமும் பிடித்து நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். பிரீனா "வேண்டாம்" என்றாள். அவள் பேச்சு பழகியவர்களுக்குத்தானே விளங்கும்? திரும்பவும் சொன்னாள். வாக்கர் கீழேயே கிடந்தது. தூக்கிய வேகத்தில் பாவாடை முட்டுக்கு மேலே ஏறிவிட்டது. ஒரு கையால் அதை இழுத்துவிட்டுக்கொண்டே மறுபடியும் "வேண்டாம்" என்று கத்தினாள். கூட்டம் கை தட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுதனின் கையைக் கடித்தாள். சும்மா இல்லை. பல் பதிய.

அவன் "எம்மோ" என்று நாற்காலியை மேடை ஓரத்தில் இறக்கினான். விழவில்லை. கைத்தட்டல் நின்றது. நான் மேடை ஏறி அவள் பாவாடையைச் சரிசெய்து, அவள் கழுத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். உடம்பு கிடந்து நடுங்கியது. பெரியத்தான் மைக்கில், "பிள்ள பயந்துட்டா, யாரும் தப்பா எடுக்காண்டாம், அவளுக்கு வெவரம் தெரியாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் இறங்கியிருப்பேன். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதுவும் சரிதான்.

"அவளுக்கு வெவரம் தெரியும். வேண்டாம்னு சொன்னா, யாரும் கேக்கல்ல. பிள்ளைட்ட கேக்காம தூக்குனா கடிக்கத்தான் செய்யும். உங்க பிள்ளையும் கடிக்கும்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். சிஜோ வாக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான்.

நேற்றுக் காலையில் கமிட்டியிலிருந்து ஆள் வந்து அலமாரிச் சாவியைக் கேட்டது. கொடுத்துவிட்டேன்.

பிரீனா நேற்று வீட்டிலேயே இருந்தாள். இன்று பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நான் வருத்தப்படுகிறேனா என்று கேட்பீர்கள். அவள் நடுங்கியதற்கு வருத்தப்படுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

ரெஜிலா

*

மஸ்கட்
09.12.2025

ரெஜிலா,

அண்ணன் வீடியோ அனுப்பினார். என் மகள் ஒரு மனுஷன் கையைக் கடிக்கிறாள். என் மனைவி என் அண்ணன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்குகிறாள். சபையாரும் ஊராரும் பார்க்கிறார்கள். நாராயணபெருமாள் சார் சாப்பிடாமல் போய்விட்டாராம். என் அறையில் இருக்கிற ஒருத்தனுக்குக்கூட அது வந்திருக்கிறது, என்னிடமே காட்டினான்.

இருபத்திரண்டாம் தேதி வருகிறேன், லீவு கிடைத்துவிட்டது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்னால் நாம் மூன்று பேரும் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் அதோடு மறந்துவிடுகிறேன் என்கிறார், சாவியையும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார். கமிட்டிக்காரர்கள் நாலு பேர் இருப்பார்கள். பிரீனாவும் சுதனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

என்னால் அங்கே வந்து சண்டை போட முடியாது. இரண்டு வருஷம் கழித்து வருகிறேன்.

எபிசன்

*

தோவாளை
14.12.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்று பிரீனாவிடம் சொன்னேன். காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அரிசி இடித்துவிட்டேன், முறுக்கும் முந்திரிக்கொத்தும் செய்வேன். நீங்கள் வருவதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை இந்தக் கடிதத்தில் இனி வருகிற எதுவும் குறைத்துவிடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மன்னிப்புக் கேட்க நான் வரமாட்டேன். பிரீனாவையும் அனுப்பமாட்டேன்.

இன்று அவளை நாலு ஆண்கள் முன்னால் நிறுத்தி, வேண்டாம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேள் என்று நாம் சொன்னால், நாளை வேறு யாராவது அவளைக் கேட்காமல் தூக்கும்போது அவள் என்ன செய்ய வேண்டும்? அவள் பெண்பிள்ளை. ஓடித் தப்பிக்கக் கால் இல்லை. சத்தம் போட்டால் பாதிப்பேருக்குப் பேச்சு விளங்காது. பல் மட்டும்தான் இருக்கிறது. அதையும் நாம் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

சாவிக்காக நான் ஏங்கிக்கொண்டு இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிப்பகத்தில் பிள்ளைகள் அலமாரியைப் பூட்டிப் போட்டுவிட்டார்கள். மறுநாளே செல்லக்கனி அக்கா வீட்டுக்கு வந்தாள். "பூச்சந்த காலம்பற முடிஞ்சிரும். மத்தியானத்துக்குப் பொறவு எனக்க ஷெட்டு சும்மாதான் கெடக்கு. ஒனக்க பொஸ்தகத்த அங்க கொண்டு வாயேன்" என்றாள். உங்கள் அண்ணனுக்குப் பயமில்லையா என்று கேட்டேன். "எனக்குப் பூ வாடிரும்ங்குற பயம் மட்டுந்தான்" என்றாள்.

டிசம்பருக்காக வாங்கியவை என் கைக்காசில் வாங்கியவை, அதனால் சாவியைக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துக்கொண்டேன். மீதி நம் வீட்டில் இருந்தவை, பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. காலியான பூக்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அடுக்கியிருக்கிறோம். ஷெட் முழுக்கப் பிச்சி வாசம். புத்தகத்திலும் ஏறிவிட்டது. பொங்கலுக்கு என்ன புத்தகம் வைக்கலாம் என்று இந்த முறை நான் முடிவு செய்யவில்லை, பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். ஒரே கூச்சல். சுதனும் வந்தான். விளக்கு போட்டுக் கொடுத்துவிட்டு, கையில் இருக்கிற பல் தடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினான். "இது முன்பல்லு, இது கடவாய்ப்பல்லு" என்று. பிரீனாவிடம், "அடுத்தால கேட்டுட்டுத் தூக்குகேன், செரியா?" என்றான். அவள் யோசித்து, "தூக்காண்டாம்" என்றாள். "செரி, தூக்கல்ல" என்று போய்விட்டான். மன்னிப்பு யார் யாரிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

உங்கள் அண்ணன் அனுப்பிய வீடியோ பாதியிலிருந்து தொடங்குகிறது. செல்லக்கனி அக்கா முதலிலிருந்தே எடுத்திருக்கிறாள். இதோடு அனுப்பியிருக்கிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள்.

இருபத்திரண்டாம் தேதி நேரே நம் வீட்டுக்கு வந்தால் நான் வாசலில் இருப்பேன். அண்ணன் வீட்டுக்குப் போய் எங்களுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வருவீர்கள் என்றால், அன்று அங்கேயே சாப்பிட்டு அங்கேயே தங்கிக்கொள்ளுங்கள். கேட்காத மன்னிப்பை எங்கள் பெயரில் யாரும் கொடுக்கக்கூடாது, நீங்களும்கூட.

அன்பு குறையாமல்,
ரெஜிலா

*

மஸ்கட்
18.12.2025

அன்பு ரெஜிலா,

அந்த வீடியோவைப் பார்த்தேன்.

வேலை முடிந்து வந்து எல்லோரும் அறையில் இருந்த நேரம். காதில் மாட்டாமல் சத்தமாகவே வைத்துவிட்டேன். நாற்காலியைத் தூக்கும்போது அவள் சொல்கிறது கேட்டது. பக்கத்துக் கட்டிலில் இருக்கிற குளச்சல்காரப் பையன், "பிள்ள என்னமோ சொல்லுகே, என்ன அண்ணே சொல்லுகு?" என்று கேட்டான். அங்கே அத்தனை பேர் இருந்தும் ஒருத்தருக்கும் விளங்காதது, இங்கே எனக்கு முதல் தடவையிலேயே விளங்கியது. "வேண்டாம்னு சொல்லுகா" என்றேன். சொல்லும்போதே அவள் இன்னொரு தடவை சொன்னாள். திரும்பவும் அவனுக்குச் சொன்னேன். "பொறவு எதுக்குத் தூக்கினாவ?" என்று கேட்டான்.

நேற்று அண்ணனுக்குப் போன் செய்தேன். உடம்பு எப்படி, அண்ணி எப்படி என்று கேட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எப்போது வருகிறாய், கமிட்டிக்காரர்களிடம் சொல்லிவைக்க வேண்டும் என்றார். வரவில்லை அண்ணே என்றேன். ஏன் என்றார். அவர் எனக்குச் செய்ததை எல்லாம் நினைத்துக்கொண்டுதான் சொன்னேன், ரெஜிலா.

"எனக்க மக கடிச்சது செரிதான்."

"அப்போ இந்த வாசல்ல நீ ஏறாண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அப்பா இறந்ததிலிருந்து, நான் ஊரில் இருந்த எந்தக் கிறிஸ்துமஸையும் அவர் வீட்டில் சாப்பிடாமல் கழித்ததில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு குளித்து வேலைக்குப் போனேன்.

இருபத்திரண்டாம் தேதி காலையில் திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். மத்தியானத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த ஷெட்டுக்கு அன்றைக்கே போக வேண்டும். பிரீனா நடந்து வரட்டும், எவ்வளவு நேரமானாலும் நான் பக்கத்தில் வருகிறேன்.

உன்,
எபிசன்